நூறுக்கு நூற்று அறுபது

சென்ற நவராத்திரி விடுமுறையில், என் விடுதித் தோழர் ஒருவருடன் அவருடைய ஊராகிய பைரவாவுக்குச் சென்றிருந்தேன். காசியிலிருந்து கோரக்பூர் வரை இரயில். அங்கிருந்து சுனௌலி வரை பஸ். சுனௌலியில் ஒரு வாயிலைக் கடந்தால் நேபாள நாடு. நம்மவருக்கு அங்கே விசா வேண்டியதில்லை. பேச்சும் உடையும் கூட அந்த வாயிலுக்கு இப்புறமும் அப்புறமும் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் ஒன்று மட்டும் மாறிவிட்டது. அதை நான் கவனிக்கவில்லை.

வாயிலை அடுத்த தேநீர்க் கடையில் இருவரும் சிற்றுண்டி அருந்தினோம். விலை இருநூற்று நாற்பது ரூபாய் என்றார் கடைக்காரர். நான் மூன்று நூறு ரூபாய் நோட்டுக்களைக் கொடுத்து, மீதி அறுபது ரூபாய்க்காகக் கையை நீட்டினேன். அவரோ இரண்டு நூறு ரூபாய் நோட்டுக்களையும் இரண்டு இருபது ரூபாய் நோட்டுக்களையும் என் கையில் வைத்தார். பாவம், மனிதர் கணக்குத் தவறிவிட்டார் என்று எண்ணி, நூற்று எண்பது ரூபாய் அதிகம் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கப் போனேன். என் நேர்மையைக் குறித்து எனக்கே சற்றுப் பெருமையாக இருந்தது. கடைக்காரர் சிரித்தார், தோழரும் சிரித்தார். தவறியது அவர் கணக்கன்று, என் கணக்கே.

நான் கொடுத்தது இந்திய ரூபாய். அங்கே அதற்கு 'ஐ. சி.' என்று பெயர். அவர் விலை சொன்னது நேபாள ரூபாயில்; அது 'என். சி.' இந்திய நூறு, நேபாள நூற்று அறுபதுக்குச் சமம். எனவே என் முந்நூறு அவருடைய நானூற்று எண்பது. அதில் இருநூற்று நாற்பதைக் கழித்து மீதியைச் சரியாகவே கொடுத்திருக்கிறார். இரண்டு நாட்டுப் பணத்துக்கும் ரூபாய் என்ற ஒரே பெயர் இருந்ததால் ஏமாந்தேன்.

கணக்கு எளிதுதான். இந்திய ரூபாயை ஒன்று புள்ளி ஆறால் பெருக்கினால் நேபாள ரூபாய். திரும்பி வரும்போது ஐந்தால் பெருக்கி எட்டால் வகுக்க வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்த என் பாட்டனாருக்கு இதற்குக் காகிதமும் வேண்டியிராது. எட்டில் ஐந்து என்பது 'அரையே அரைக்கால்'. இருநூற்று நாற்பதில் அரை நூற்று இருபது, அரைக்கால் முப்பது, ஆக நூற்று ஐம்பது இந்திய ரூபாய். நம் முன்னோர் வகுத்த கீழ்வாய் இலக்கம் நேபாளத்துக் கடைத்தெருவில் இவ்வளவு பொருத்தமாக உதவும் என்று நான் நினைத்ததில்லை.

ஆயினும், பௌதிக மாணவனாகிய எனக்கு இந்த எளிமையே ஓர் ஐயத்தை எழுப்பிற்று. ஓர் அங்குலம் என்பது 2.54 சென்டிமீட்டர். ஆய்வுக்கூடத்தில் அதைப் பெருக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அது காசியிலும் அதுவே, காட்மாண்டிலும் அதுவே, நாளையும் அதுவே. ஒன்று புள்ளி ஆறும் அத்தகைய எண்தானா? விடுமுறை முடிந்து திரும்பியதும் நூலகத்தில் சில நாள் இதைத் தேடிப் படித்தேன். அன்று என்பதே என் முடிவு. அங்குலம் ஓர் அளவு. இதுவோ ஒரு வாக்குறுதி. வாக்குறுதியென்றால் கொடுத்தவர் யார், காப்பவர் யார், அதனால் வாழ்பவரும் வருந்துபவரும் யார் என்ற கேள்விகள் உடன்வரும்.

இதற்கு இரு நாணயங்களின் வரலாற்றையும் சிறிது அறிதல் வேண்டும். ரூபாய் என்னும் சொல் வெள்ளியைக் குறிக்கும் 'ரூப்ய' என்ற வடசொல்லின் வழி வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் ஷேர்ஷா சுமார் 178 குன்றிமணி எடை… என்று எழுதத் தோன்றும். ஆனால் அது கிரெயின் என்னும் ஆங்கில எடை. ஆங்கிலேயக் கம்பெனியார் 1835-இல் அடித்த ரூபாய் 180 கிரெயின் எடை கொண்டது. அதில் 165 கிரெயின் தூய வெள்ளி. அக்காலத்தில் நாணயமாற்று என்பது தராசு வேலை. எந்த நாட்டுக் காசானாலும் அதிலுள்ள வெள்ளி எவ்வளவு என்று நிறுத்தால் போதும்.

நேபாளப் பள்ளத்தாக்கை ஆண்ட மல்ல அரசர்களின் வெள்ளிக் காசுக்கு மொஹர் என்று பெயர். திபெத்துக்குச் சொந்த நாணயம் இல்லாதிருந்த நாட்களில், திபெத்தியர் அனுப்பிய வெள்ளியைக் காசாக அடித்துத் திருப்பி அனுப்புவது மல்லர்களுக்கு நல்ல வருவாய் தந்தது. பிற்காலத்தில் அவர்கள் வெள்ளியில் செம்பைக் கலந்தார்கள். பின்னர்ப் பள்ளத்தாக்கை வென்ற கூர்க்கா மன்னர் பிருத்வி நாராயண் ஷா தூய வெள்ளிக் காசை வெளியிட்டார். புதுக்காசும் பழங்காசும் ஒரே விலையில் செல்ல முடியாது என்பது நேபாளத்தின் வாதம். கையில் பழங்காசு நிறைய வைத்திருந்த திபெத்தியர் அந்த நஷ்டத்தை ஏற்க மறுத்தனர். இத்தகராறு வளர்ந்து, வேறு காரணங்களும் சேர்ந்து, 1788-இல் போராக மூண்டது. 1792-இல் சீனப் படையே காட்மாண்டை நெருங்கிய பிறகுதான் சமாதானம் ஏற்பட்டது. ஒரு காசுக்கு எத்தனை காசு என்ற கேள்வி மூன்று நாடுகளைப் போர்க்களத்துக்கு இழுத்தது என்றால், அது வெறும் பெருக்கல் கணக்கு ஆகுமா?

நம் ரூபாயும் வெள்ளியை விட்டு விலகியது. உலகில் வெள்ளி விலை வீழ்ந்தபோது, 1893-இல் வெள்ளியைக் கொண்டுவந்து காசாக அடித்துக்கொள்ளும் உரிமை நிறுத்தப்பட்டது. அதன்பின் ரூபாயின் மதிப்பு அதிலுள்ள உலோகத்தில் இல்லை. அரசாங்கத்தின் சொல்லில் இருந்தது. முதலில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு பென்ஸ். 1927-இல் பதினெட்டுப் பென்ஸ் என்று சட்டம் செய்தனர். 1949-இல் பிரிட்டன் தன் பவுனை 2.80 டாலராகக் குறைத்தது. நாமும் உடன் குறைத்தோம். ஒரு பவுனுக்கு 240 பென்ஸ். ஆகவே பதினெட்டுப் பென்ஸ் 21 சென்ட் ஆகிறது. அதாவது, ஒரு டாலருக்கு 4.76 ரூபாய். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

நேபாளத்தில் 1932-இல் இரண்டு மொஹர் கொண்ட ரூபாய் வந்தது. 1945-இல் காகித நோட்டு வந்தது. ஆனால் தெற்கேயுள்ள தராய்ச் சமவெளியில் இந்தியப் பணமே பெரிதும் புழங்கிற்று. இரண்டுக்கும் இடையே விகிதம் நாளுக்கு நாள், ஊருக்கு ஊர் மாறியது. 1956-இல் நேபாள ராஷ்டிர வங்கி தோன்றியது. 1960-இல் அது இந்திய நூறுக்கு நேபாள நூற்று அறுபது என்று நிலைநிறுத்தியது.

ஆறே ஆண்டுகளில் அந்நிலை கலைந்தது. 1966 ஜூன் 6-ஆம் நாள் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலர் 4.76-இலிருந்து 7.50 ஆயிற்று. நேபாளம் உடன் குறைக்கவில்லை. அப்படியானால் புதிய விகிதம் என்ன? 160-ஐ 4.76-ஆல் பெருக்கி 7.50-ஆல் வகுத்துப் பாருங்கள்; 101.55 வரும். அன்று வழங்கிய விகிதமும் அதுவே. கணக்கு அழகாகத்தான் முடிகிறது. ஆனால் இந்தியப் படையில் பணிபுரிந்து, ஓய்வூதியத்தை இந்திய ரூபாயில் பெற்று, மலைக் கிராமத்தில் குடும்பம் நடத்திய கூர்க்கா வீரரை நினைத்துப் பாருங்கள். அவருடைய நூறு ரூபாய் அதுவரை நூற்று அறுபது. அதன்பின் நூற்று ஒன்றரை. அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. 1967 டிசம்பரில் நேபாளமும் தன் மதிப்பைக் குறைக்க, விகிதம் 135 ஆயிற்று. பிறகு படிப்படியாக ஏறி, 1985-இல் 170-ஐத் தொட்டு, சற்று இறங்கி, 1993 பிப்ரவரியில் மீண்டும் 160-இல் நின்றது. அன்றிலிருந்து அது அசையவில்லை.

அசையாமல் நிற்பதற்கு ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடித்திருப்பது நேபாளம். அதன் வங்கி இந்திய நூறை 160-க்கு வாங்கும், 160.15-க்கு விற்கும். நேபாளம் இந்தியாவிலிருந்து வாங்கும் பொருள் மிகுதி, விற்பது குறைவு. எனவே இந்திய ரூபாய் அங்கே எப்போதும் வேண்டியிருக்கிறது. தட்டுப்பாடு நேரும்போது ராஷ்டிர வங்கி தன் கையிலுள்ள டாலரை விற்று இந்திய ரூபாய் வாங்குகிறது. அந்த டாலரில் பெரும் பங்கு வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் உழைக்கும் நேபாளத் தொழிலாளர் வீட்டுக்கு அனுப்புவது. பைரவாக் கடைக்காரர் யோசனையின்றி ஒன்று புள்ளி ஆறு என்று சொல்வதற்குப் பின்னால், பாலைவன வெயிலில் செங்கல் சுமப்பவனின் வியர்வை இருக்கிறது. நம் ரூபாய் டாலருக்கு எதிரே இறங்கினால் அவர்கள் ரூபாயும் அதே அளவு இறங்கும். டாலர் இங்கே 85 என்றால் அங்கே 136. முடிவு செய்வது நாம், உடன்வருவது அவர்கள்.

இதனால் நேபாள ரூபாய் தாழ்ந்தது, நம்முடையது உயர்ந்தது என்று மார்தட்டுவதற்கு இடமில்லை. டாலர் ஒன்றுக்கு நூறு யென்னுக்கு மேல் கொடுக்கும் ஜப்பான் ஏழை நாடா? அங்குலத்தை விடச் சென்டிமீட்டர் சிறிது என்பதால் சென்டிமீட்டரால் அளக்கப்பட்டவன் குள்ளன் ஆகிவிடுவானா? எண்ணின் அளவு வேறு. அதைப் பிடித்து நிற்கும் சிரமம் வேறு.

தோழரின் வீட்டில் இன்னொன்றும் கற்றேன். அவருடைய தந்தையார் நம் நாட்டு நகரமொன்றில் பல ஆண்டுகள் காவற்காரராக இருந்தவர். மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை இந்திய ஐந்நூறு ரூபாய் நோட்டுக்களாக வீட்டில் வைத்திருந்தார். 2016 நவம்பர் 8-ஆம் நாள் அந்நோட்டுக்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டபோது அவர் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். எல்லை தாண்டி வந்து மாற்றுவதற்குள் தவணை முடிந்துவிட்டது. பெட்டியிலிருந்து அந்தக் கட்டை எடுத்து எனக்குக் காட்டினார். பன்னிரண்டு நோட்டுக்கள். வாய்பாட்டின்படி ஒன்பதினாயிரத்து அறுநூறு நேபாள ரூபாய். விகிதம் அன்றும் 160, இன்றும் 160. அதில் ஒரு பைசாவும் மாறவில்லை. ஆனால் பெருக்க வேண்டிய எண் பூஜ்யமாகிவிட்டது. அவர் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "உங்கள் நாட்டுப் பணம் என்பதால் பத்திரம் என்று நினைத்தேன், பாபு" என்றார். எனக்கு விடை தெரியவில்லை.

காசிக்குத் திரும்பிய இரவு, இரயிலடியில் ரிக்‌ஷாக்காரருக்குக் கொடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டபோது, தேநீர்க் கடையில் மீதியாக வந்த நேபாள நோட்டு ஒன்று வந்தது. ஒரு பக்கம் எவரெஸ்டு. மறுபக்கம் ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகம். அவர் அதை விளக்கொளியில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இங்கே ஓடாது, ஐயா" என்று திருப்பித் தந்தார். நம் ரூபாய் அங்கே ஓடுகிறது. அவர்கள் ரூபாய் இங்கே ஓடவில்லை. ஒன்று புள்ளி ஆறு என்ற எண்ணில் இந்த வேற்றுமை எழுதப்படவில்லை.

அந்த நோட்டை இப்போது என் பௌதிகப் புத்தகத்தில், அலகு மாற்றங்களின் அட்டவணை உள்ள பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்த அட்டவணையில் எதைப் பார்த்தாலும் பெருக்கிவிட்டுப் போகலாம். பணத்தைப் பெருக்கும்போது மட்டும், எந்த நாள், எந்த இடம், யார் பிடித்து நிற்கிறார்கள் என்று ஒரு கணம் கேட்டுக்கொள்ள வேண்டும்.