காட்டோரம் இரண்டு ஏக்கர்: மான் யாருக்குச் சொந்தம்?

கனகபுரா சாலையிலோ, ஆனேக்கல் தாண்டி தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமோ வார இறுதியில் நிலம் பார்க்கக் கிளம்பும் பெங்களூருக்காரர்களிடம் தரகர்கள் தவறாமல் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: “பின்னாடியே காடு சார். சாயங்காலமானா மான் வந்து நிக்கும்.” வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் அந்த மானைப் பார்க்கத்தான் ஆசைப்படுகிறார்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கியை இன்னும் உரிமத்தோடு வைத்திருக்கும் சிலர், அமெரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பிய சிலர், இன்னொரு கேள்வியையும் தணிந்த குரலில் கேட்கிறார்கள். நம் நிலத்தில், நம் வேலிக்குள் வரும் மானைச் சுடலாமா?

கூடாது. நிலம் எத்தனை ஏக்கராக இருந்தாலும், பத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பதில் மாறாது.

கேட்பவர்களைக் குறைசொல்லவும் முடியாது, ஏனென்றால் அந்த ஆசைக்கு இந்த ஊரில் ஒரு வரலாறு இருக்கிறது. பெங்களூருவில் வாழ்ந்து விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974), ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் அலைந்தவர். காட்டோரங்களில் துண்டு துண்டாக நிலமும் வாங்கி வைத்திருந்தார். ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைத் தேடிச் சென்ற அவருடைய கதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறை இன்றும் பெங்களூருவில் இருக்கிறது. அவர் வேட்டையாடிய நாட்களில் உரிமம் வாங்கி, குறித்த பருவத்தில் வேட்டைக்குப் போக வழியிருந்தது. அந்த வழி இரண்டு கட்டமாக மூடப்பட்டது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சில விலங்குகளுக்கு மட்டும் உரிம வேட்டையை விட்டு வைத்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. இன்று பொழுதுபோக்குக்காக மான் வேட்டையாட இந்தியாவில் எந்த அலுவலகமும் உரிமம் தராது.

டெக்சாஸில் மான் வேட்டைக்கென்றே பண்ணை நிலத்தை வாங்குவதும் குத்தகைக்கு எடுப்பதும் சாதாரண வியாபாரம். அங்கேகூட மான் நிலக்காரரின் சொத்து அல்ல. வேட்டை உரிமமும் பருவக் கட்டுப்பாடும் உண்டு. பிரிட்டனில் சுடும் உரிமை பொதுவாக நிலத்தோடு சேர்ந்தே வருகிறது. இந்தியச் சட்டம் இரண்டையும் ஏற்கவில்லை. வேட்டையாடப்பட்ட விலங்கு மட்டுமல்ல, செத்துக் கிடந்த விலங்கும் 39ஆம் பிரிவின்படி அரசின் சொத்து. உங்கள் மாந்தோப்பில் தெருநாய்கள் கடித்து ஒரு புள்ளிமான் செத்துக் கிடந்தால் அதன் கறி, தோல், கொம்பு எதையும் தொட உரிமை கிடையாது. 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும்.

வேட்டை என்று சட்டம் எதைச் சொல்கிறது என்பதையும் பலர் அறிவதில்லை. சுட்டுக் கொன்றால்தான் குற்றம் என்று நினைக்கிறார்கள். கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, பொறியில் பிடிப்பது, விலங்கை விரட்டி மடக்குவது, பிடிக்க இரை போட்டு வரவழைப்பது, இவற்றுக்கான முயற்சி எல்லாமே அந்த வரையறைக்குள் வருகின்றன. குறி தப்பியது என்பது தப்பிக்கும் வழி அல்ல. உடந்தையாக இருந்தவருக்கும் செய்தவருக்குரிய தண்டனையே.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்காக இருந்தாலும், இடம் சரணாலயமாகவோ தேசியப் பூங்காவாகவோ இருந்தாலும் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. மற்ற நேர்வுகளில் 3 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதத் தொகைகளை உயர்த்திய 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. துப்பாக்கியும் ஜீப்பும் பறிமுதலாகும். கறி வீட்டில் இருந்தால், அது சட்டப்படி வந்தது என்று நிரூபிக்கும் சுமை வைத்திருப்பவர் தலையில்தான் விழும். “பக்கத்து ஊர்க்காரர் கொடுத்தார், சாப்பிட்டோம்” என்ற வாக்குமூலம் வழக்கை வலுவாக்கவே பயன்படும்.

பெரிய மனிதர்களுக்கும் இது பொருந்தியிருக்கிறது. 1998இல் ஜோத்பூர் அருகே கங்காணி கிராமத்தில் வெளிமான் வேட்டையாடிய வழக்கில், இருபது வருடம் கழித்து 2018 ஏப்ரலில் நடிகர் சல்மான் கானுக்கு விசாரணை நீதிமன்றம் 5 ஆண்டு சிறை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். அந்த வழக்கை உயிரோடு வைத்திருந்தவர்கள் மானைத் தங்கள் பிள்ளையாகக் கருதும் பிஷ்னோய் கிராம மக்கள். கர்நாடகத்தில், 2022 டிசம்பரில் பெங்களூரு மத்திய குற்றப்பிரிவுப் போலீசார் ஒரு தடயத்தைப் பிடித்துக்கொண்டு தாவணகெரே வரை போனார்கள். அங்கே ஒரு அரிசி ஆலைக்குப் பின்னாலிருந்த பண்ணை வீட்டில் வெளிமான், புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி, கீரி என 29 விலங்குகள் மீட்கப்பட்டன. வேட்டையாடாமல் வளர்த்தாலும் குற்றம்தான்.

காட்டுக்குள் போகிற ஏழைக்கு நேர்வது வேறு. 2023 பிப்ரவரியில், தமிழக–கர்நாடக எல்லையில் பாலாறு காவிரியில் கலக்கும் பகுதியில், மான் வேட்டைக்கு வந்தவர்கள் என்று கர்நாடக வனத்துறை சொன்ன சிலர்மீது இரவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சேலம் மாவட்டம் கோவிந்தபாடியைச் சேர்ந்த ஒருவரின் உடல் பின்னர் ஆற்றில் மிதந்தது. ஊர் கொந்தளித்தது, எல்லையில் போக்குவரத்து நின்றது. ஒரு மானின் கறிக்காக ஒரு குடும்பம் மனிதனை இழப்பது எவ்வளவு கொடுமை! நகரத்தில் “காட்டுக்கறி” கேட்பவர்கள் இருக்கும்வரை யாரோ ஒருவர் அந்த இருட்டுக்குள் போய்க்கொண்டுதான் இருப்பார். அதனால்தான் பண்ணை வாங்கிக் காவலுக்கு ஆள் வைப்பவர்கள் வேட்டை கூடாது என்பதை முதல் நாளே தெளிவாகப் பேசிவிட வேண்டும். கம்பிக் கண்ணியைக் கண்டால் உடனே கழற்றித் தகவல் சொல்லச் சொல்ல வேண்டும். பன்றிக்கு வைத்த கண்ணியில் சிறுத்தை சிக்குவது கர்நாடகத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அப்போது வழக்கு முதல் அட்டவணைக்குப் போய்விடும்.

அங்கே நிலம் வாங்கினால் உரிமம் இல்லாமலே துப்பாக்கி வைத்துச் சுடலாம் என்ற தவறான நம்பிக்கை குடகில் நிலம் வாங்குபவர்களிடம் உலவுகிறது. குடவர்களுக்கும், ஜம்மா என்ற பரம்பரை உரிமை நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆயுதச் சட்டத்தின் உரிமத் தேவையிலிருந்து விலக்கு உண்டு. 2029 வரை அது நீட்டிக்கப்பட்டுள்ளது. அந்த விலக்கு துப்பாக்கி வைத்திருப்பதற்கு மட்டும்தான். விலங்குகளைச் சுடுவதற்கு அல்ல. காப்பித் தோட்டத்தை வெளியாள் விலைக்கு வாங்குவதால் அந்த விலக்கு அவருக்கு வந்துவிடாது.

பயிரை மேய்கிறதே, என்ன செய்வது? விவசாயியின் இந்தக் கேள்வி நியாயமானது. பயிருக்கு ஆபத்தான விலங்கைப் பொறுத்தவரை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்கீழ் அதிகாரம் பெற்ற வன அதிகாரி எழுத்துப்பூர்வமாக அனுமதித்தால் மட்டுமே வேட்டையாட முடியும். முதல் அட்டவணை விலங்குக்குப் பயிர்ச்சேதம் ஒரு காரணமே ஆகாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அரசாணை, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதித்தபோதும், அந்தப் பொறுப்பை வனத்துறையினரிடமே கொடுத்தது. நிலக்காரர் கையில் உள்ள வழிகள் விட்டுவிட்டு மின்னதிர்ச்சி தரும் சூரியசக்தி வேலியும், வனத்துறையிடம் இழப்பீட்டு விண்ணப்பமும்தான். வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் கொடுப்பது கொலைக்குச் சமம். அதில் யானையும் சாகிறது, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வந்த கூலியாளும் சாகிறார்.

வேட்டை ஆசையே இல்லாமல், மான் வரும் நிலம் வேண்டும் என்று மட்டும் தேடுபவருக்கும் ஆபத்து இருக்கிறது. அது காகிதத்தில் இருக்கிறது.

2020 வரை கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்குவதை நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் தடுத்தன. அவை அந்த ஆண்டு நீக்கப்பட்டன. அதன்பின் பண்ணை நில விற்பனை பெங்களூருவைச் சுற்றிப் பெருகிவிட்டது. ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களுக்கும் கதவு திறக்கவில்லை. அந்நியச் செலாவணி விதிகளின்படி அவர்கள் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு எதையும் விலைக்கு வாங்க முடியாது. இது மாநிலச் சட்டம் அல்ல, மத்தியச் சட்டம். மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போகலாம். பல விற்பனையாளர்கள் இதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

அடுத்தது, விற்கும் நிலம் எப்படி விற்பவர் கைக்கு வந்தது என்பது. தாழ்த்தப்பட்ட, பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு வழங்கிய நிலத்தை முன் அனுமதியின்றி விற்பதை 1978ஆம் ஆண்டின் பி.டி.சி.எல். சட்டம் தடுக்கிறது. அப்படி விற்ற நிலத்தை உதவி ஆணையர் மீட்டு அந்தக் குடும்பத்துக்கே திருப்பிக் கொடுக்கலாம். வாங்கியவருக்கு இழப்பீடு கிடையாது. அப்படி மீட்கக் காலவரம்பு கிடையாது என்று 2023ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. வாங்குபவருக்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் கடனுக்கும் கலியாணத்துக்கும் அவசரமாக எழுதிக் கொடுத்துவிட்டு, தன் பழைய வயலிலேயே கூலிக்குப் போகும் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் ஒன்றுதான் துணை. பஹணி என்ற நிலப் பதிவேட்டின் இன்றைய பக்கத்தை மட்டும் பார்த்தால், நிலம் அப்படி வழங்கப்பட்டதா என்பது தெரியாது. பழைய பஹணிகளையும், முதல் வழங்கல் ஆணையையும், மியூட்டேஷன் பதிவுகளையும் தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

காட்டை ஒட்டிய நிலத்தில் இன்னொரு சிக்கல். கர்நாடக வனச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் அறிவிக்கை வந்த நிலம், வருவாய்த்துறைப் பதிவேட்டில் இன்னும் தனியார் பெயரிலோ கோமாளா (மேய்ச்சல் நிலம்) என்றோ இருக்கலாம். இரண்டு துறைகளின் ஏடுகளும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. 2025 மே 15இல் புனே நில வழக்கில் உச்ச நீதிமன்றம், வருவாய்த்துறை வசமிருந்து தனியார் கைக்குப் போன காப்புக்காடுகளைக் கண்டுபிடித்து மீட்க எல்லா மாநிலங்களும் சிறப்புக் குழு அமைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எனவே சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, அது காட்டு நிலமா, யானை வழித்தடமா, சூழல் உணர்திறன் மண்டலமா என்று அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குவது நல்லது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். திசாங்க் செயலியில் நிலத்தில் நின்றபடியே சர்வே எண்ணைப் பார்க்க முடியும்; ஆனால் அது முதல் சோதனை மட்டுமே.

பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலம் 2016 வரைவில் 268.96 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2020 மார்ச் இறுதி அறிவிக்கையில் 168.84 ஆகச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை எதிர்த்துப் பெங்களூருவாசிகள் நீதிமன்றம் போனார்கள். எல்லைக்கோடு நாளை நகரக்கூடும் என்பதை வாங்குபவர் மனதில் வைக்க வேண்டும். மண்டலத்துக்குள் வீட்டையே விடுதியாக மாற்றி “ஹோம்ஸ்டே” நடத்தும் கனவு, வணிகக் கட்டுமானத் தடையில் மோதி நிற்கலாம்.

ஒரு சர்வே எண்ணில் பாதியை மட்டும் வாங்கினால் 11-இ நில வரைபடம் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது. பத்து, பதினைந்து குண்டா என்று கூறுபோட்டு விற்கும் “மேனேஜ்டு ஃபார்ம்லேண்ட்” திட்டங்களில், பத்திரத்தில் தனி எல்லை இருக்கிறதா, பிரிக்கப்படாத பங்கு மட்டும்தானா என்று பாருங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் வாங்கினால் பட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று. காவிரி வடக்கு, காவிரி தெற்கு சரணாலயங்களின் எல்லையையும் சேர்த்துப் பாருங்கள்.

நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. அனில் மல்ஹோத்ரா, பமேலா மல்ஹோத்ரா தம்பதியர் 1991இல் குடகில் 55 ஏக்கர் வாங்கி, கைவிடப்பட்ட தோட்டங்களைச் சேர்த்துக்கொண்டே போய், சுமார் 300 ஏக்கரில் சாய் சரணாலயத்தை வளர்த்தார்கள். தனியார் நிலத்தைச் சமூகக் காப்பகமாக அறிவிக்க வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36சி பிரிவிலும் வழி இருக்கிறது.

முன்பணம் கொடுத்த பிறகு வில்லங்கம் தெரிந்தால் பேச்சுவார்த்தையில் மாதங்களைக் கழிக்க வேண்டாம். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, உரிமையில் உள்ள குறையைச் சொல்ல வேண்டிய கடமையை விற்பவர் மேல் வைக்கிறது. வாங்குபவர் கொடுத்த முன்பணத்துக்கு அந்தச் சொத்தின்மீதே பற்றுரிமையும் தருகிறது. வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய பின் உரிமையியல் நீதிமன்றத்தில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தெரிந்தே ஏமாற்றியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். பண வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு காலவரம்பு உண்டு. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100. பக்கத்துத் தோட்டத்தில் வேட்டை நடக்கிறது, கிணற்றில் மான் விழுந்துவிட்டது என்றால் கர்நாடக வனத்துறையின் எண் 1926.