எலும்புக்குள் ஒரு பிரேக்

நீச்சல் பழகிய மாணவர்கள் இதைச் செய்து பார்த்திருப்பீர்கள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு கிணற்று நீரில் மல்லாந்து படுத்தால் உடல் மிதக்கிறது. நம் உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு வெகு அருகில் இருக்கிறது. நுரையீரலில் நிறையும் காற்று தராசைச் சற்றே நம் பக்கம் சாய்த்துவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் எவ்வளவு முயன்றாலும் இந்த எளிய வித்தை கைகூடாத சில குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய எலும்புகள் அத்தனை கனம்!

அப்படிப்பட்ட ஒரு குடும்பம் அமெரிக்காவில் தற்செயலாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 1990களில் ஒரு கார் விபத்து. அடிபட்டவரை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் படத்தில் எலும்புகள் வழக்கத்துக்கு மாறாக வெள்ளை வெளேரென்று தெரிந்தன. ஒமாஹா நகரிலுள்ள கிரெய்ட்டன் பல்கலைக்கழகத்தார் அவருடைய உறவினர்களையும் சோதித்தார்கள். பலருக்கும் அதே கனத்த எலும்பு. நோய் என்று சொல்ல எதுவுமில்லை.

பரம்பரையாக வருவது என்றால் ஜீன்களில்தான் காரணத்தைத் தேட வேண்டும். 1997இல் அது பதினோராவது குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. 2002இல் ஜீனே அகப்பட்டது. அதன் பெயர் எல்.ஆர்.பி.5. அந்த ஜீன் உண்டாக்கும் நீண்ட புரதச் சங்கிலியில் 171ஆவது கண்ணியில் கிளைசின் இருக்க வேண்டும். இவர்களுக்கு வாலின் இருந்தது. ஒரே ஒரு கண்ணி! அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்த வேறொரு குடும்பத்திலும் இதே மாற்றம் காணப்பட்டது.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு முந்தைய ஆண்டுதான் இதே ஜீன் முற்றிலும் பழுதான குழந்தைகளைப் பற்றிய கட்டுரை வந்திருந்தது. அவர்களுக்குப் பார்வை இல்லை. எலும்புகளோ லேசாகத் தட்டினாலே முறிந்தன. ஒரே ஜீன் ஒரு விதமாக மாறினால் இரும்பு எலும்பு. வேறு விதமாகப் பழுதானால் அப்பள எலும்பு.

இதற்குள் தென்னாப்பிரிக்காவிலிருந்து மற்றொரு கதை வளர்ந்து வந்தது. 1652இலிருந்து அங்கே குடியேறிய டச்சுக்காரர்களின் வழித்தோன்றல்கள் ஆப்பிரிக்கானர்கள். அவர்களிடையே ஓர் அபூர்வ நோய் உண்டு. சிறு வயதிலேயே முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்கும். பிறகு காது மந்தமாகும். காரணம், எலும்பு நிற்காமல் வளர்கிறது. நரம்புகள் வெளிவரும் மண்டையோட்டுத் துளைகள் சிறுத்து, நரம்பை நெரிக்கின்றன. மண்டையோடு உட்புறமும் தடித்து மூளையை அழுத்துவதால் திடீர் மரணமும் நேர்வதுண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் இந்நோய். அந்த ஜீன் எது என்பது 2001இல் தெரிந்தது. அது உண்டாக்கும் புரதத்துக்கு ஸ்கிளிரோஸ்டின் என்று பெயர் வைத்தார்கள்.

இப்போது இரண்டு கதைகளையும் சேர்த்துப் பாருங்கள். எலும்பு கல்லைப் போன்ற செத்த பொருள் அல்ல. கரைக்கும் செல்கள் ஒரு பக்கம் பழைய எலும்பை அரித்துக்கொண்டே இருக்கின்றன. கட்டும் செல்கள் பின்னாலேயே வந்து நிரப்புகின்றன. கட்டும் செல்லின் மேற்பரப்பில் "கட்டு" என்ற கட்டளையை வாங்கிக்கொள்ளும் கைதான் எல்.ஆர்.பி.5. ஸ்கிளிரோஸ்டின் அந்தக் கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. அதாவது பிரேக். அமெரிக்கக் குடும்பத்தாரிடம் பிரேக் இருக்கிறது, ஆனால் சரியாகப் பிடிப்பதில்லை. ஆப்பிரிக்கானர் நோயாளிகளிடம் பிரேக்கே இல்லை.

பிரேக்கை மிதிப்பது யார்? இங்கேதான் என் போன்ற பௌதிக ஆசிரியனுக்கு ஆர்வம் பிறக்கிறது. கட்டும் செல்களில் சில, தாம் கட்டிய சுவருக்குள்ளேயே புதைந்து போகின்றன. புதைந்தவை சாவதில்லை. நுண்ணிய கால்வாய்கள் வழியே மெல்லிய கைகளை நீட்டி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றன. நீங்கள் ஓடும்போது எலும்பு துளி வளைகிறது. கால்வாயிலுள்ள திரவம் பிழியப்பட்டு நகர்கிறது. அந்த நகர்வு செல்லின் கைகளை இழுக்கிறது. ஸ்கிளிரோஸ்டினைச் சுரப்பவை முக்கியமாக இந்தச் செல்களே. எலிகளை வைத்து 2008இல் செய்த சோதனையில், எலும்பின் மேல் பளு ஏற்றியபோது சுரப்பு குறைந்தது தெரியவந்தது.

டென்னிஸ் வீரர்களின் கதை உங்களுக்குத் தெரியுமா? 1977இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மட்டை பிடிக்கும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மறு கையினுடையதைவிட ஆண்களுக்கு சுமார் 35 சதவீதம் தடித்திருந்தது. ஒரே உடல், ஒரே ஜீன்கள், ஒரே சாப்பாடு! மாறாக, எடையற்ற நிலையில் மிதக்கும் விண்வெளி வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேலும் குறைந்ததுண்டு.

நமக்கு இதில் என்ன என்கிறீர்களா? என் தாயார் எழுபது வயதில் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்தார். பெரிய விழுதல் அல்ல. கையிலிருந்த செம்புகூட நசுங்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதற்கு முன் எலும்பு வலி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. மூட்டுவாதம் வலித்துத் தன்னைக் காட்டிக்கொள்ளும். எலும்பு மெலிவு நோயோ, முறியும்வரை சத்தம் காட்டாது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கரைப்பது மிஞ்சி, கட்டுவது பின்தங்குகிறது. பழைய மருந்துகளில் பெரும்பாலானவை கரைப்பதைத் தடுப்பவை. கட்டத் தூண்டுபவை அரிது.

பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும் ஓர் எதிர்ப்புரதத்தை ஊசியாகப் போட்டால்? அப்படிப் பிறந்தது ரோமோசோஸுமாப் என்ற மருந்து. 2016இல் வெளியான சோதனையில் எலும்பு மெலிந்த பெண்கள் 7,180 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு மாதம் ஒரு முறை மருந்து. மறு பாதிக்கு வெறும் ஊசி. ஓராண்டில் வெறும் ஊசிக் குழுவில் 59 பேருக்குப் புதிதாக முதுகெலும்பு முறிவு. மருந்துக் குழுவில் 16 பேருக்குத்தான்.

ஆனால் 2017இல் வந்த அடுத்த சோதனை ஒரு சங்கடத்தைக் கொண்டு வந்தது. பழைய மருந்து ஒன்றோடு இதை ஒப்பிட்டபோது எலும்பு முறிவு குறைந்தது உண்மை. ஆனால் முதலாண்டில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற கடுமையான தொல்லைகள் இந்த மருந்துக் குழுவில் 50 பேருக்கும் பழைய மருந்துக் குழுவில் 38 பேருக்கும் வந்தன. ஒவ்வொரு குழுவிலும் இரண்டாயிரம் பேருக்குச் சற்று மேல். இந்த வித்தியாசம் மருந்தாலா, தற்செயலா என்று நிபுணர்கள் நெடுநாள் வாதிட்டார்கள். 2019இல் அமெரிக்க அரசு மருந்தை அனுமதித்தபோது, இந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டி அச்சிடச் சொன்னது.

ஆப்பிரிக்கானர் குடும்பங்களில் பழுதான ஜீனைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய எலும்பு சராசரியைவிட அடர்த்தி. முகம் கோணவில்லை, காதும் கேட்கிறது. பாதி பிரேக். மருந்து செய்பவர்கள் எட்ட விரும்பியது இந்தப் பாதியைத்தான். மாதாந்தர ஊசி பன்னிரண்டைத் தாண்டினால் எலும்பு கட்டும் விளைவு மங்கிவிடுவதால், ஊசி பன்னிரண்டு மாதத்தோடு நிற்கிறது. நிறுத்தியபின் சும்மா இருந்தால் சேர்ந்த எலும்பு மறுபடி கரையத் தொடங்கிவிடும். ஆகவே உடனே கரைப்பைத் தடுக்கும் பழைய வகை மருந்துக்கு மாற்றிவிடுகிறார்கள்.