இரண்டு பரப்புகளுக்கு நடுவே ஒரு கன உருவம்

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். அதற்கு முன் ஒவ்வொரு கோடையிலும் தஞ்சை டெல்டாவின் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் தூர்வாரும் பணி நடக்கும். ஓர் ஆண்டு எங்கள் பள்ளியை ஒட்டிய குளத்திலும் பொக்லைன் இறங்கியது. பள்ளி திறந்தபோது குளம் காய்ந்துதான் கிடந்தது. ஒன்பதாம் வகுப்பில் அளவியல் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது என்று எண்ணி, மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன்.

நீளம் 60 மீட்டர், அகலம் 40 மீட்டர், ஆழம் ஏறக்குறைய 1.5 மீட்டர். வகுப்புக்குத் திரும்பியதும், எடுத்த மண் 3,600 கன மீட்டர் என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், வெட்டுறதுக்கு முன்னாடியும் அது குளம்தானே? ஏற்கெனவே இருந்த பள்ளத்தையும் சேர்த்துல்ல கணக்குப் போட்டிருக்கோம்?"

அவள் சொன்னது சரி. நான் கண்டது குளத்தின் கொள்ளளவு. எடுத்த மண்ணின் அளவு அல்ல. அதை அறியப் பழைய தரையின் வடிவம் வேண்டும். அந்தத் தரையோ லாரியில் ஏறிப் போய்விட்டது. இனி யாராலும் அதை அளக்க முடியாது.

கணினி இதை எப்படிச் செய்கிறது?

பொறியாளர்கள் வேலைக்கு முன் ஒருமுறையும், முடிந்த பின் ஒருமுறையும் தரையைப் பல புள்ளிகளில் அளக்கிறார்கள். சிவில் த்ரீடி போன்ற கேட் மென்பொருள் அப்புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து, முன் தரைக்கு ஒரு வலை, பின் தரைக்கு ஒரு வலை என இரண்டு பரப்புகளை உருவாக்குகிறது. பரப்புக்குத் தடிமன் கிடையாது. ஆகவே கன அளவும் கிடையாது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எல்லையில் செங்குத்துச் சுவர் எழுப்பி மூடினால்தான் கன உருவம் பிறக்கிறது. அந்த உருவம்தான் எடுத்த மண்.

அதன் கன அளவைக் காணும் முறை நம் மாணவர்களுக்கும் எட்டக்கூடியது. இரண்டு வலைகளின் முக்கோணங்களும் பொருந்தாத இடங்களில், கோடுகள் வெட்டிக்கொள்ளுமிடத்தில் இன்னும் சிறிய முக்கோணங்களாகப் பிரித்துக்கொள்கிறது மென்பொருள். பிறகு ஒவ்வொரு முக்கோணமும் ஒரு பட்டகம். அதன் மூன்று உயரங்கள் மட்டும் வேறுபடலாம்.

கன அளவு = அடிப்பரப்பு × மூன்று உயரங்களின் சராசரி

அடிப்பரப்பு 12.5 சதுர மீட்டர், மூன்று முனைகளிலும் மட்ட வேறுபாடு 0.6, 0.9, 1.2 மீட்டர் என்றால், சராசரி 0.9, கன அளவு 11.25 கன மீட்டர். இது தோராயம் அல்ல. அந்தப் பட்டகத்துக்குத் துல்லியமான விடை. சில இடங்களில் மண் வெட்டப்பட்டிருக்கும், சில இடங்களில் கொட்டப்பட்டிருக்கும். வெட்டையும் நிரப்பையும் தனித்தனியே கூட்ட வேண்டும். இல்லையெனில் ஒன்றை மற்றொன்று மறைத்துவிடும்.

வாய்க்கால்களில் குறுக்குவெட்டுப் பரப்புகளை எடுத்து, அடுத்தடுத்த இரண்டின் சராசரியைத் தூரத்தால் பெருக்கும் பழைய முறையும் உண்டு. அதன் குறையைப் பத்தாம் வகுப்பு மாணவரே காட்டலாம். ஒரு முனையில் பரப்பு பூச்சியமாகச் சுருங்கும் கூம்புக்கு இம்முறை பாதியைத் தரும். உண்மை விடை மூன்றில் ஒரு பங்கு.

பத்து சென்டிமீட்டர் பிழை

இரண்டு அளவீடுகளும் ஒரே நிலையான குறியிலிருந்து தொடங்க வேண்டும். மதகுச் சுவரில் இட்ட குறி போதும். ஒரு ஹெக்டேர் குளத்தில் அந்தக் குறி 10 சென்டிமீட்டர் பிசகினால், 10,000 × 0.1 = 1,000 கன மீட்டர் கணக்கில் கூடும் அல்லது குறையும். நூறு கன அடி கொண்ட யூனிட் கணக்கில் இது 350 யூனிட்டுக்கும் மேல். மண்வேலைக்குக் கன மீட்டர் அளவில் தொகை தரும்போது, இந்தப் பிசகு ஊர்ப் பணத்தின் பிசகு.

வகுப்பறையில்

60 × 40 சென்டிமீட்டர் தட்டில் ஈர மண்ணைக் கெட்டியாக அழுத்தி, மேடு பள்ளமாக அமையுங்கள். தட்டின் விளிம்புக்கு விளிம்பு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நூல் கட்டினால், ஓரங்களையும் சேர்த்து 35 புள்ளிகள், 48 முக்கோணங்கள். ஒவ்வொன்றின் பரப்பும் 50 சதுர சென்டிமீட்டர். நூலிலிருந்து மண்வரை உள்ள ஆழத்தை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். பிறகு குளம் வெட்டி, அதே புள்ளிகளில் மீண்டும் அளந்து, வேறுபாட்டைக் கொண்டு கணக்கிடுங்கள்.

வெட்டிய மண்ணை அளவுக் குடுவையில் கொட்டினால், கணக்கில் வந்ததைவிடக் கூடுதலாக இருக்கும். உதிர்ந்த மண் அதிக இடம் பிடிக்கிறது. லாரி நடையை எண்ணுவதும் குழியை அளப்பதும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதை மாணவர்கள் தாங்களாகவே கண்டுகொள்வார்கள். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள பள்ளிகளில், ஜியோஜீப்ரா முப்பரிமாணப் பகுதியில் ஆறு புள்ளிகள் குறித்து, முகங்களை இணைத்து ஒரு பட்டகத்தைச் சுழற்றிக் காட்டலாம்.

அடுத்த கோடையில் எங்கள் மாணவர்கள் பொக்லைன் வருவதற்கு முன்பே பாசன வாய்க்காலுக்குப் போனார்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப், ஒரு நாடா, ஒரு நோட்டு. கையில் இருந்தவை அவ்வளவுதான். மதகுச் சுவரில் சிவப்புச் சாயத்தால் குறி இட்டவள், என் கணக்கைத் திருத்திய அதே மாணவி.

உங்கள் ஊரிலும் தூர்வாரப் போகிறார்கள் என்று தெரிந்தால், முந்தைய நாளே மாணவர்களோடு போய் அளந்துவிடுங்கள். இரண்டாவது பரப்பைத் தண்ணீர் வரும்வரை அளக்கலாம். முதல் பரப்புக்கு அந்த ஒரு நாள்தான்.