முதலில் வாசித்த பிள்ளை

பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு வயலின் போட்டிக்குப் பதின்மூன்று வருடம் முன்பு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். காலை ஒன்பது மணி. சீட்டில் முதல் எண் விழுந்தது ஒரு பத்து வயதுச் சிறுமிக்கு. முக்கால் சைஸ் வயலின். மேடைக்கு நேர் மேலே ஏசி. இரண்டு வரி வாசிப்பதற்குள் அந்தக் காற்றில் தந்தியை முறுக்கும் பிருடை நழுவி ‘ஏ’ தந்தி தொய்ந்துவிட்டது. அவள் பதறவில்லை. வில்லைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிருடையை உள்ளே அழுத்தித் திருகி, விரலால் மீட்டிப் பார்த்துச் சுருதி சேர்த்துக்கொண்டு, முதலிலிருந்து வாசித்தாள். அருமையான வாசிப்பு. நான் பத்துக்கு ஏழு போட்டேன். இன்னும் இருபத்திரண்டு பேர் பாக்கி இருக்கிறார்களே, எட்டையும் ஒன்பதையும் கையில் வைத்துக்கொள்வோம் என்று நினைத்தேன். சாயங்காலம், அவளைவிடச் சுமாராக வாசித்த ஒரு பையனுக்கு எட்டரை போட்டேன். அவளுக்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை. அந்த ஏழு இன்றும் என்னை உறுத்துகிறது.

மேற்கத்திய வயலின் சொல்லித்தருவது என் தொழில். அந்த நாளுக்குப் பிறகுதான், உலகத்தின் பெரிய போட்டிகளை எப்படி அமைக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது பிரஸ்ஸல்ஸ். அங்கே 1937-ல் தொடங்கிய போட்டிக்கு இன்று பெல்ஜிய ராணி எலிசபெத்தின் பெயர். முதல் ஆண்டு வென்றவர் டேவிட் ஆய்ஸ்ட்ராக். இறுதிச் சுற்றுக்கு வரும் 12 பேரை ஒரு வாரம் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் தங்கவைத்து, யாருமே அதுவரை வாசித்திராத புதுப் படைப்பு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். ஆசிரியர் உதவி கிடையாது. பிறகு ஒரு இரவுக்கு இருவர் வீதம் ஆறு இரவுகள். யார் எந்த நாள் என்பது சீட்டுக் குலுக்கல். இவ்வளவு கவனமாக நடக்கும் போட்டியின் பல ஆண்டு முடிவுகளை இரண்டு ஆய்வாளர்கள் அலசி 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் நாள் வாசிப்பவர்கள் மேல் இடத்துக்கு வரும் வாய்ப்பு குறைவு என்பது அவர்கள் கண்டது. அந்தப் புதுப் படைப்பை நடுவர்களும் முதல் இரவுதானே முழுதாகக் கேட்கிறார்கள்! எது நல்ல வாசிப்பு என்ற அளவுகோல் அப்போது அவர்கள் மனதிலும் பதிந்திருக்காது. படித்தபோது எனக்கு அந்த ஏசிக் காற்றுதான் ஞாபகம் வந்தது.

கண்ணும் நம்மை ஏமாற்றுகிறது. 2013-ல் வந்த இன்னோர் ஆய்வில், போட்டிக் காணொளிகளைச் சத்தமே இல்லாமல் பார்த்தவர்கள், ஒலியை மட்டும் கேட்டவர்களைவிடச் சரியாக வெற்றியாளரைச் சொல்லிவிட்டார்கள்.

இருபது வயது தாண்டியவர்கள் இதையெல்லாம் தாங்கிக்கொள்வார்கள். பத்து வயதுப் பிள்ளை? இதை ஆழமாக யோசித்தவர் வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின் என்பது என் எண்ணம். அவரே குழந்தை மேதை. 11 வயதில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் இசைக்குழுவோடு பீத்தோவன் கான்செர்ட்டோ வாசித்தவர். 1932-ல், 16 வயதில், ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் கான்செர்ட்டோவை அவரே நடத்த, லண்டனில் இசைத்தட்டுக்கு வாசித்தார். சிறு வயதில் தானாக வந்த வாசிப்பு பின்னாளில் தடுமாறியபோது, வில் பிடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் தனக்குத்தானே மறுபடி கற்பித்துக்கொண்டவர். அவர் 1983-ல் இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டோன் என்ற கடலோர ஊரில் ஒரு போட்டியைத் தொடங்கினார். 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். அதிலும் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் தனிப் பிரிவு. பிறகு அது ஊர் ஊராகப் போனது: 2010-ல் ஆஸ்லோ, 2012-ல் பெய்ஜிங், 2014-ல் ஆஸ்டின்.

அந்தப் போட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு ஏற்பாடு. முதல் சுற்றிலேயே வெளியேறிய பிள்ளையும் பெட்டியைக் கட்ட வேண்டியதில்லை. கடைசி நாள்வரை தங்கி, வகுப்புகளில் உட்கார்ந்து, கச்சேரிகள் கேட்கலாம். மதிப்பெண் போட்ட நடுவர்களும் கச்சேரிகளில் மேடையேறி வாசிப்பார்கள். தன்னை நிராகரித்தவர் எப்படி வாசிக்கிறார் என்று ஒரு பிள்ளை நேரில் கேட்பதைவிடப் பெரிய பாடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

2018-ல் ஜெனீவாவில் நடந்த அந்தப் போட்டியின் ஜூனியர் இறுதிச் சுற்றை இணையத்தில் பார்த்தேன். சிங்கப்பூரின் க்ளோயி சுவாவுக்கு 11 வயது. விவால்டியின் ‘குளிர்காலம்’. வாசிப்பதோடு பெரியவர்களின் இசைக்குழுவையும் அவள்தான் நடத்திச் செல்ல வேண்டும். ஆரம்பத்தில் அவள் மூச்சை இழுப்பதைக் கவனியுங்கள். அந்த மூச்சுதான் குழுவுக்குச் சைகை; தோள் ஒரு விரற்கடை உயர்ந்ததும் எல்லா வில்லும் ஒன்றாக இறங்குகின்றன. கைவிரல் வேகத்தை எந்தச் சுற்றிலும் அளந்துவிடலாம். அடுத்தவரைக் கேட்டு, கூட்டிக்கொண்டு போகத் தெரிகிறதா என்பதை இப்படி ஒரு பாடத்தை வைத்தால்தான் பார்க்க முடியும். ஆஸ்திரேலியாவின் 10 வயது கிறிஸ்டியன் லீக்கும் அவளுக்கும் முதல் பரிசைச் சேர்த்தே கொடுத்தார்கள்.

நான் இப்போது என் மாணவர்களுக்கும் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வருடம் ஒருமுறை சின்னதாக ஒரு போட்டி நடத்துகிறேன். தன்னிடம் படிக்கிற பிள்ளைக்கு எந்த நடுவரும் மதிப்பெண் போடக் கூடாது. எனக்கும் அதே விதி. முதல் சுற்று திரைக்குப் பின்னால். பிள்ளைகள் வருமுன், போட்டியில் இல்லாத ஒருவர் அதே பாடத்தை முழுதாக வாசிக்க, நடுவர்கள் அதற்கு மதிப்பெண் போட்டு, ஒருவர் தாளை ஒருவர் பார்த்து, ஏன் ஏழு, ஏன் எட்டு என்று பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். அதற்குக் கால் மணி நேரம் ஆகிறது. அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகுதான் முதல் எண்ணைக் கூப்பிடுகிறோம். மேடைக்கு மேலே இருக்கும் ஏசியை நானே போய் அணைத்துவிட்டு வருகிறேன்.