வீடு தேடிப் போனால்தான் தெரியும் பார்வைக் குறை

பார்வைக் குறைக்கான அளவு

வழக்கமாக அணியும் கண்ணாடியோடு பார்த்தும், இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணின் பார்வை 6/18க்குக் கீழே இருந்தால் அது மிதமான பார்வைக் குறை. 3/60க்குக் கீழே இறங்கினால் பார்வையின்மை. நலமான கண்ணுக்கு 60 மீட்டரில் தெரிவது ஒருவருக்கு 3 மீட்டரில்தான் தெரிகிறது என்பதே 3/60இன் பொருள். இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையின்மையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்புரையே காரணம். சிறிய அறுவை சிகிச்சையில் தீரக்கூடிய நோயால் இத்தனை பேர் இருட்டில் இருப்பது வேதனைக்குரியது.

முகாமுக்கு வராதவர்கள்

இலவச முகாம் போட்டால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று நினைப்பது தவறு. தென்னிந்தியக் கிராமங்களில் 1990களில் நடந்த ஓர் ஆய்வில், கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே முகாமுக்கு வந்திருந்தது தெரிந்தது. துணைக்கு ஆள் இல்லை, ஒரு நாள் கூலி போய்விடும், அறுவை சிகிச்சை என்றாலே பயம் என்று காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் மேலாக, "வயசானா அப்படித்தான்" என்ற எண்ணம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கிராமங்களுக்கு அருகிலேயே நிரந்தரக் கண் பரிசோதனை மையங்களைத் திறக்கத் தொடங்கியதன் பின்னணியில் இந்த அனுபவமும் உண்டு.

ஆகவே வீடு வீடாகப் போக வேண்டும். "கண் தெரியுதா?" என்று கேட்டால் "தெரியுதே" என்றுதான் பதில் வரும். அரிசியில் கல் பொறுக்க முடிகிறதா, ஊசியில் நூல் கோக்க முடிகிறதா, பேருந்தின் எண் தெரிகிறதா, எதிரே வருபவரைக் குரல் கேட்காமலே அடையாளம் காண முடிகிறதா என்று அன்றாட வேலையை வைத்துக் கேட்டால் உண்மை வெளிவரும். பேரப்பிள்ளையின் கையைப் பிடிக்காமல் வாசலைத் தாண்டாத பாட்டியை அக்கம்பக்கத்தார்தான் சொல்வார்கள்.

விரல் எண்ணும் சோதனை

நல்ல பகல் வெளிச்சத்தில், வெயில் முகத்தில் அடிக்காதபடி சோதிக்கப்படுபவரை நிறுத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடச் சொல்ல வேண்டும். 6 மீட்டர் தள்ளி நின்று, விரல்களை மாற்றி மாற்றிக் காட்டி எண்ணச் சொல்ல வேண்டும். பிறகு மற்றக் கண். 6 மீட்டரில் எண்ண முடியாவிட்டால் பார்வை 6/60க்குக் கீழே. 3 மீட்டரிலும் முடியாவிட்டால் 3/60க்குக் கீழே. இந்த இரு வகையினரையுமே தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மிதமான குறை இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்கு எழுத்துப் பலகை வேண்டும். பலகையை ஊசித் துளையிட்ட அட்டை வழியாகப் பார்க்கும்போது தெளிவு கூடினால், பெரும்பாலும் கண்ணாடியே போதும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு வரும் வெள்ளெழுத்தும் கண்ணாடியால் தீரும். சர்க்கரை நோயாளிகள் மட்டும், பார்வை நன்றாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும்.

குழந்தைகள்

கருவிழியின் நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அது கண்புரையாகவோ விழித்திரைப் புற்றுநோயாகவோ இருக்கலாம். மாறுகண்ணை "அதிர்ஷ்டம்" என்று விட்டுவிட்டால் அந்தக் கண்ணின் பார்வை மங்கியே நின்றுவிடும். அந்தி நேரத்தில் தடுமாறினால் மாலைக்கண்ணைச் சந்தேகிக்க வேண்டும். 9 மாதம் முதல் 5 வயது வரை வைட்டமின் ஏ திரவம் தருவது அதைத் தடுக்கத்தான்.

கண்ணில் நெல் பட்டால்

அறுவடைக் காலத்தில் நெல் உமியோ வைக்கோலோ கருவிழியைக் கீறினால், அந்தக் காயத்தில் பூஞ்சை தொற்றிப் புண்ணாகிறது. தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் விடுவது புண்ணை இன்னும் மோசமாக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் அப்படியே. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் கண்ணில் பூ விழாமல் காப்பாற்றலாம்.

பார்வை திரும்பாதவர்களுக்கு

பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுப்பது உதவி ஆகாது. அவரே நம் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரை எட்டு பின்னால் வர வேண்டும். படி வந்தால் ஏறுவதா இறங்குவதா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீட்டில் பொருள்களைச் சொல்லாமல் இடம் மாற்றக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலைகளில் 1 சதவீதத்தைப் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும் ஒதுக்குகிறது. அதைப் பெறக் குறைந்தது 40 சதவீதக் குறைபாட்டுச் சான்று தேவை. சான்று இல்லாதவர் நம் தெருவில் இருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு அவருடன் ஒரு நாள் போய்வர யாராவது முன்வர வேண்டும்.