டர்பனில் கல்லூரி, மயிலாப்பூரில் மண்டபம்... வலங்கைமான் தந்த ‘மகாகனம்’ சாஸ்திரியைத் தெரியுமா?

வலங்கைமான் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பாடைக்காவடி. கடும் நோயிலிருந்து மீண்டவர்கள், பங்குனி இரண்டாவது ஞாயிறன்று பாடையில் படுத்துக்கொள்ள, உறவினர்கள் அவர்களை மகா மாரியம்மன் கோயிலுக்குச் சுமந்து வருவார்கள். இதே ஊர்தான், ‘வெள்ளி நாக்கு’ப் பேச்சாளர் என்று உலகம் கொண்டாடிய வி.எஸ்.ஸ்ரீனிவாச சாஸ்திரியையும் தந்தது. பெயருக்கு முன்னால் உள்ள ‘வி’, வலங்கைமான்தான்!

1869 செப்டம்பர் 22 அன்று, ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்தவர் சாஸ்திரி. கும்பகோணத்தில் படித்து ஆசிரியரானார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தார். 1904-ல் தொடங்கப்பட்டு, ‘டி.யு.சி.எஸ்’ என்று சென்னைவாசிகளுக்கு அறிமுகமான திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கத்தின் தொடக்கத்திலும் இவருக்குப் பங்கு உண்டு.

1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தவர், 1915-ல் கோகலே மறைந்த பிறகு அதன் தலைவரானார். 1921-ல் பிரிட்டிஷ் பிரிவி கவுன்சில் உறுப்பினரானதும் ‘மகாகனம்’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது.

கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காக...

1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களின் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி எட்டாக்கனி. 1927-ல் இந்திய அரசின் முதல் ஏஜென்டாகத் தென்னாப்பிரிக்கா சென்ற சாஸ்திரி, அங்குள்ள இந்தியர்களிடமே நன்கொடை திரட்டினார். அப்படி உருவான சாஸ்திரி கல்லூரி, 1929-ல் டர்பனில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் பாடம் நடத்த இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்கள் சென்றார்கள். கூலிக்காரர்களின் பேரப்பிள்ளைகள் ஆசிரியர்களாக, வழக்கறிஞர்களாக உயர அது படிக்கட்டானது.

பிறகு ஏன் இங்கே அவர் பெயர் அதிகம் பேசப்படவில்லை? சாஸ்திரி மிதவாதி. ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்காதவர். போராட்டக் களத்தை மையமாக வைத்து எழுதப்படும் வரலாற்றில், மிதவாதிகளுக்கு ஓரமான இடம்தான். ஆனால், காந்திக்கும் அவருக்குமான நட்பை இந்தக் கருத்து வேறுபாடு முறிக்கவில்லை. 1946-ல் சென்னை வந்த காந்தி, நோயுற்றிருந்த சாஸ்திரியை நேரில் போய்ப் பார்த்தார். அதே ஆண்டு ஏப்ரல் 17-ல் சாஸ்திரி காலமானார்.

மயிலாப்பூர் ரானடே நூலகத்தில் உள்ள ஸ்ரீனிவாச சாஸ்திரி மண்டபத்தில் கச்சேரிகளும் கூட்டங்களும் நடக்கும்போதெல்லாம் அவர் பெயர் ஒலிக்கிறது. பிறந்த மண்ணில் அவரை நினைவுகூரப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. செப்டம்பர் 22 அன்று வட்டாரப் பள்ளிகளில் ஒரு பேச்சுப்போட்டி வைத்தால் போதும். மேடையேறும் மாணவருக்கு, ‘இந்த ஊரிலிருந்தும் உலகத்தோடு பேசலாம்’ என்ற நம்பிக்கை பிறக்கும்!