எண்ணெய் பூமியின் அரபு மக்கள்

பாரசீக வளைகுடாவின் வடமேற்கு மூலையில், ஷாட்-அல்-அரப் நதியின் கிழக்கே, ஈரானைச் சேர்ந்த கூஸிஸ்தான் மாகாணம் இருக்கிறது. நதிக்கு அப்பால் இராக். பாரசீகம் ராஜ பாஷையாக உள்ள தேசத்தில், அரபு பேசும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் எல்லைப் பிரதேசம் இது. முன்னர் 'அரபிஸ்தான்' என்றே இதற்குப் பெயர் வழங்கிற்று.

1847-ஆம் வருஷத்து எர்ஸுரும் உடன்படிக்கையினால் முகம்மராத் துறைமுகம் பாரசீகத்துக்கு உரியதாயிற்று. எனினும் அங்கே அதிகாரம் செலுத்தியவர்கள் அரபு ஷேக்குகளே. 1897-இல் பதவிக்கு வந்த ஷேக் கஸல் ஏறக்குறைய சுயேச்சையாகவே ஆண்டார். 1908-இல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது. அபாதான் தீவில் சுத்திகரிப்பு ஆலை கட்ட, ஆங்கிலக் கம்பெனிக்கு ஷேக் நிலம் குத்தகைக்கு விட்டார். பிரிட்டிஷாரும் 1910-லும் 1914-லும் அவருக்கு ஆதரவு வாக்குறுதி அளித்தனர்.

அந்த வாக்குறுதியின் கதி என்ன? 1924-இல் ரேஸா கான் சேனையுடன் வந்தபோது, டெஹரானின் தயவே தங்களுக்கு லாபம் என்று கண்ட பிரிட்டிஷார் ஒதுங்கி நின்றனர். மறு வருஷம் ஷேக் கைதியானார். 1936-இல் டெஹரானிலேயே மாண்டார். அரபிஸ்தான் என்ற பெயர் மறைந்தது; முகம்மரா, கொர்ரம்ஷஹர் ஆயிற்று.

இம்மாகாணத்தில் 2016-ஆம் வருஷத்துக் கணக்கின்படி சுமார் 47 லட்சம் ஜனங்கள் இருந்தனர். அரபுகளோடு லூர்களும் பக்தியாரிகளும் பாரசீகர்களும் வாழ்கின்றனர். ஒவ்வொரு வகுப்பினரும் எத்தனை பேர் என்பதை ஈரானிய ஜனக்கணக்கு பிரித்துச் சொல்வதில்லை. ஆகவே, அரபுகளின் தொகையை ஒரு சாரார் பெருக்கியும் மற்றொரு சாரார் சுருக்கியும் கூறுகின்றனர்.

1980-இல் படையெடுத்த சதாம் ஹுசேன், இவர்கள் தம்மை வரவேற்பார்கள் என்று மனப்பால் குடித்தார். பெரும்பாலும் ஷியாக்களான இவர்கள் அவர் எதிர்பார்த்தபடி திரண்டெழவில்லை. கொர்ரம்ஷஹரோ அந்த யுத்தத்தில் பாழாயிற்று. 1982 மே மாதத்தில்தான் ஈரான் அதை மீட்டது.

சோதனைக் காலத்தில் நாட்டைக் கைவிடாத இம்மக்களுக்குக் கிடைத்த பிரதி என்ன? பிரதேச மொழிகளின் இலக்கியங்களைப் பள்ளிகளில் போதிக்கலாம் என்று 1979-ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்து கூறுகிறது. அரபுக் குழந்தைகள் படிப்பதோ பாரசீகத்தில். காரூன் நதி பாயும் மண்ணில், 2021 ஜூலையில் ஜனங்கள் தண்ணீர் கேட்டு வீதிக்கு வந்தனர்.

எல்லையை மாற்றவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒரு பிரதேசத்தின் எண்ணெய் தேசத்தின் பொதுச் சொத்து என்றால், அப்பிரதேசத்து மக்களின் தாகமும் தாய்மொழியும் தேசத்தின் பொதுப் பொறுப்பே. இதை மறந்த தேசபக்தி வெறும் ஆதிக்கமே என்பது நமது அபிப்பிராயம்.